அறுபத்திரண்டாவது அட்டை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் அவளும் அவள் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் இரண்டு வரி தட்டினால் போதாதா என்று கேட்டிருந்தாய். அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். "தட்டுறதெல்லாம் தந்தி. கடுதாசின்னா எடுத்து வச்சு மறுபடி படிக்கணும்" என்கிறார். உன் கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடைவரை போய்க் காட்டிவிட்டு வருகிறார். பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்த பிள்ளைக்குப் பெரிய கம்பெனியில் மேசை நாற்காலி கிடைத்திருக்கிறது. அவர் காட்டாமல் வேறு யார் காட்டுவார்கள்?

ஒரு துக்கச் செய்தி. 'பாதம்' மென்பொருளை எழுதிய பெரியவர் போய்விட்டார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீதான் அதைத் தேடிப் பிடித்து, மூன்று நாள் என் காலணிப் பட்டறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணினியில் ஏற்றித் தந்தாய். அப்பாவின் குதிகால் புண் ஆறாமல், கம்பெனி மென்பொருள் வாங்க வக்கில்லாமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம். அந்த மனிதர் காசு கேட்டாரா? யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றார். உபயோகிப்பவர்கள் தங்கள் பட்டறையைக் கையால் வரைந்து ஒரு தபால் அட்டை போட்டால் போதும், அதுதான் விலை என்றார். அறுபத்திரண்டு பேர் போட்டோம். எல்லாவற்றையும் படம் தெரிகிற மாதிரி சுவரில் குண்டூசியால் குத்தி, அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து இணையத்தில் வைத்திருந்தார். பின்பக்கத்தில் நாங்கள் எழுதியது அவருக்கும் சுவருக்கும் மட்டும்தான் தெரியும். என் அட்டையில் தையல் மெஷின் கழுதை மாதிரி இருக்கிறது என்று நீ சிரித்தாயே, நினைவிருக்கிறதா?

அந்தச் சுவர் இனி என்ன ஆகுமோ என்று இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. அப்பாவின் சர்க்கரை இப்போது எவ்வளவு என்று எழுது.

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். காகிதம் படிக்கிற வேலைதான், வேறொன்றுமில்லை. பலபேர் கையெழுத்து. சிலது கோழி கிளறியது போல இருக்கிறது. என் மேசை ஜன்னல் இல்லாத பக்கம். சாயங்காலம் கண் எரிகிறது.

பெரியவர் விஷயம் வருத்தம்தான்.

நீ இன்னும் பாதம்தான் உபயோகிக்கிறாயா? எழுதினவரே போய்விட்டார், இனி அதை யார் கவனிப்பார்கள்? வேறு ஏதாவது மாற்றிக்கொள்ளேன். கணினியிலிருந்து எடுத்துவிட்டால்கூட நல்லது. சும்மாதான் சொல்கிறேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள். உன்னையும்.

தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அப்பாவுக்கு வெறும் வயிற்றில் நூற்று முப்பது. "அவன் கண்ணு எரியுதாம், இவ என் சர்க்கரையை எழுதுறா" என்று முணுமுணுக்கிறார். மேசைவிளக்கு ஒன்று கேட்டு வாங்கு. வாய் இருக்கிற பிள்ளைதானே பிழைக்கும்?

பாதத்தை எடுத்துவிடச் சொல்கிறாய். என் கையை எடுத்துவிடச் சொல்வதுபோல இருக்கிறது. காலை ஸ்கேனர்மேல் வைத்ததும் எந்த இடம் எடையைத் தாங்குகிறது, எந்த இடத்தில் நாளைக்குப் புண் வரும் என்று அது சிவப்பும் நீலமுமாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் காலணிக்குள் வைக்கும் உள்ளட்டையை வெட்டுகிறேன். என்னோடு தொழில் படித்த துறைமுகத்துக்காரியும் அதைத்தான் வைத்திருக்கிறாள். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் காலில் உணர்ச்சி போனவர்கள். ஆணி குத்தினாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எடுத்துவிட்டு நான் என்ன ஜோசியமா பார்க்க?

உன் பிள்ளைக்கு முதல் செருப்பு என் கையால்தான். அவளிடம் சொல்லி வை.

உன் அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. வீட்டில் சுகம்தானே?

ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அட்டைக்காரர்களுக்கு (பாதம் உபயோகிக்கிறவர்கள் எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்) வக்கீல் நோட்டீஸ் வந்துகொண்டிருக்கிறது. பாதம் அழுத்தத்தைக் கணக்கிடும் முறைக்கு யாரோ ஒரு கம்பெனி காப்புரிமை வைத்திருக்கிறதாம். பெயரை எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. முப்பது நாளுக்குள் பாதத்தை அழிக்க வேண்டும், இதுவரை செய்த ஒவ்வொரு ஜோடிக்கும் விவரம் தர வேண்டும், தெரிந்தே தவறு செய்தோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட். எழுதியவர் உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசாதவர்கள் இப்போது எங்கள் கதவைத் தட்டுகிறார்கள். அவரிடம் பிடுங்க என்ன இருந்தது, ஒரு சுவர்!

துறைமுகத்துக்காரி நோட்டீஸைப் படித்துவிட்டு அன்றைக்கே கடையை மூடிவிட்டாள். அவள் சுபாவம் அப்படி, போலீஸ்காரர் வழி கேட்டாலே அழுதுவிடுவாள். எனக்கு இன்னும் வரவில்லை. நாளையோ மறுநாளோ வரும்.

உன் கம்பெனியில் சட்டம் தெரிந்தவர்கள் இருப்பார்களே, இதற்கு என்ன பதில் எழுதலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வாயா? எங்கள் முகவரியெல்லாம் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

உன் அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவளுக்கு ஏழாம் மாதம், கால் கொஞ்சம் வீங்குகிறது.

உன் கடிதம் பார்த்த உடனே எழுதுகிறேன். கவலைப்படாதே. உனக்கு வராது. நீயாக எதையும் எழுதிப் போடாதே. யாரோடும் சேர்ந்து கையெழுத்துப் போடாதே. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார். இங்கே யாரிடமும் கேட்க முடியவில்லை. நான் புது ஆள்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

நோட்டீஸ் எல்லோருக்கும் வந்துவிட்டது. மலையடி ஆஸ்பத்திரியில் காலணி செய்கிறவர் ஒருவர் ஒருவராகக் கேட்டுக் கணக்கெடுத்தார். அறுபத்தொன்று. வராதது எனக்கு மட்டும். முதலில் "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, குடுத்து வச்சவ" என்று கேலி செய்தார்கள். பிறகு கேலியும் நின்றுவிட்டது. போன வாரம் நான் எழுதிய எதற்கும் ஒருவரும் பதில் போடவில்லை. நேற்று எங்கள் போன் குழுவில் என் பெயரே இல்லை. எங்கள் முகவரிகளை அவர்களுக்குக் கொடுத்தவள் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயமில்லை என்று நானும் இருந்து பார்த்தேன். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

தினமும் பதினோரு மணிக்குப் பட்டறை வாசலில் நின்று தபால்காரரைப் பார்க்கிறேன். வக்கீல் நோட்டீஸுக்காக இப்படி ஏங்கி நிற்கிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று. துறைமுகத்துக்காரியிடம் காலணி போடும் பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய உள்ளட்டை தேய்ந்துவிட்டது. அவள் கடை மூடிக் கிடக்கிறது. அவர் என்னிடம் வருவதென்றால் ஒரு நாள் பிரயாணம், லீவு கிடைக்காது. "அவர் கால் படத்தை மட்டும் அனுப்பு, நான் வெட்டித் தபாலில் போடுகிறேன்" என்று அவளுக்கு எழுதினேன். "உங்கிட்ட குடுத்தா அது எங்கெங்க போகும்னு எனக்குத் தெரியாதே" என்று பதில் வந்தது. இருபது வருடப் பழக்கம், தம்பி. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

உனக்கு வராது என்று அத்தனை நிச்சயமாக எழுதியிருந்தாயே, எப்படித் தெரியும்?

உன் அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அடுத்த மாதம் பிரசவம் இருக்கும் என்கிறார் டாக்டர். இங்கே வெயில் தாங்கவில்லை.

உனக்கு வராது என்று ஆறுதலுக்காகச் சொன்னேன், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே.

துறைமுகத்துக்காரியைப் பற்றிக் கவலைப்படாதே, அவள் மனம் ஆறிவிடும். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறேன், இடது கையால் வரைந்தேன், பிழை இருந்தால் மன்னிக்கவும் என்று ஒரு படத்துக்காக அவ்வளவு பணிவாக எழுதுகிறவள், உன்மேல் எத்தனை நாள் கோபமாக இருப்பாள்? கொஞ்சம் பொறு.

அப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை அப்பா பார்க்கவில்லை. பதிலைப் பட்டறை முகவரிக்கே எழுது.

போன திங்கட்கிழமை துறைமுகத்துக்காரி வந்தாள். என்னிடம் எப்போதோ வாங்கிப்போன காலணி தைக்கும் மர அச்சுகள் நான்கு ஜோடியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கடையை விற்றுவிட்டாளாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கண்டக்டருக்கு இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். சாதாரண பூட்ஸோடு ஆறு வாரம் பஸ்ஸில் நின்றிருக்கிறார். உள்ளே கொப்புளம் உடைந்ததே அவருக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகு பயணி ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். மீதிக் காலுக்கும் உத்தரவாதமில்லை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "பாரு, என் தம்பிகூட உன்ன எவ்வளவு உசத்தியா எழுதியிருக்கான்" என்றேன். அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்தாள்.

"இத நான் அட்டைக்குப் பின்னாடி எழுதினேன். உங்கிட்டகூட சொன்னதில்லையே" என்றாள்.

கடிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீயும் இனிமே எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அங்கே நீ என்ன வேலை பார்க்கிறாய்?

உன் வீட்டுக்காரி உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை பிறந்ததை அப்பாவிடம் போனில் சொன்னேன். உன்னிடம் கொடுக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பெண் குழந்தை. இருவரும் நலம். பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. உனக்கு எழுத ஆறு தடவை உட்கார்ந்தேன்.

நோட்டீஸில் இருக்கும் பெயர் எங்கள் கம்பெனி வழக்குப் போடுவதற்கென்றே வைத்திருக்கும் பெயர். பெரியவர் இறந்ததும் அவர் மகனுக்குத்தான் முதல் நோட்டீஸ் போனது. அவர் பயந்துபோய்ச் சுவரிலிருந்த அட்டைகளைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். அந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தது. பின்பக்கத்தைப் படித்து, பெயரும் முகவரியும் எந்த வருடத்திலிருந்து உபயோகிக்கிறார்கள் என்பதும் பட்டியலாக எழுத வேண்டும். அதுதான் வேலை. நன்றி சொல்லி எழுதிய அட்டைகள், அக்கா. ஒவ்வொருவரும் எப்போதிலிருந்து, எத்தனை ஜோடி, யாருக்காக என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அதையே எங்கள் வக்கீல்கள் ஒப்புதல் வாக்குமூலம் என்கிறார்கள்.

நாற்பத்து மூன்றாவதாக உன் கழுதை வந்தது. திருப்பிப் பார்த்தேன். அப்பாவின் குதிகாலைப் பற்றி எழுதியிருந்தாய். கடைசி வரியில், "இதை எனக்கு என் தம்பி நிறுவித் தந்தான், அவனுக்கும் சேர்த்து நன்றி" என்று என் பெயரையும் போட்டிருந்தாய். அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பட்டியலில் அறுபத்தொன்று என்று எழுதினேன். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். அது உன்னை இப்படி ஒதுக்கி வைக்கும் என்று தோன்றவில்லை. கண்டக்டரைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. எய்தவன் இருக்க அம்பை நோகாதே, அக்கா. வேலையை விடலாம் என்று தினமும் நினைக்கிறேன். அந்தப் பதினான்கு மாதமும் நினைவுக்கு வந்துவிடுகிறது. இப்போது தொட்டிலில் ஒன்று வேறு.

நோட்டீஸுக்கு வரும் பதில்களெல்லாம் என் மேசைக்குத்தான் வருகின்றன. தயவுசெய்து நீ எதுவும் எழுதிவிடாதே.

தம்பி


செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

குட்டி நன்றாக இருக்க வேண்டும். அவளுக்குத் தைத்த செருப்பைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே மெத்தென்று ஆட்டுத்தோல். அது வேறு, இது வேறு.

அம்பை நோகக் கூடாதுதான். ஆனால் அம்புக்குக் கண் கிடையாது. உனக்கு இருக்கிறது, எரிகிறது என்று நீயே எழுதினாய்.

என்னைக் காப்பாற்றினேன் என்கிறாய். அந்தக் கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் என் அட்டையைப் பையில் வைத்திருப்பாயா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். வைத்திருப்பாய் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் தோன்றவில்லை. உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், அதையும் நான் நம்ப வேண்டியிருக்கும்.

மலையடிக்காரர் இன்னும் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகப் பார்க்கிறாராம். கூலி வாங்காமல் வாதாட ஒரு வக்கீல் சம்மதித்திருக்கிறாராம். அவர்களோடு போய் நிற்க எனக்கும் ஒரு நோட்டீஸ் வேண்டும். அது இல்லாதவரை நான் உளவு சொன்னவள்தான்.

அப்பாவின் கால் படத்தை எடுத்து நான்கு ஜோடி உள்ளட்டை வெட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலும் இரண்டு வருடம் தாங்கும். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் பழைய கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். பேத்தி பிறந்ததைச் சொல்லி அங்கே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாராம்.

உன்னிடம் இருக்கும் என் அட்டையைக் கிழித்துவிடு. அதன் இடத்துக்கு வேறொன்று வரும்.

அக்கா


செப்டம்பர் 9
(தபால் அட்டை. படம்: ஒரு பட்டறை. தையல் மெஷின் கழுதை மாதிரி இருக்கிறது.)

வக்கீல் அலுவலகத்தாருக்கு,

வணக்கம். நான் காலணி செய்கிறவள். பாதம் மென்பொருளை ஒன்பது வருடமாக உபயோகிக்கிறேன். இதுவரை செய்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். முதல் ஜோடி என் அப்பாவுக்கு. அவர் நடக்கிறார்.

உங்கள் பட்டியலில் என் பெயர் விடுபட்டிருக்கிறது. சேர்த்துக்கொள்ளவும். முகவரி கீழே எழுதியிருக்கிறேன்.

இதை யாரும் எனக்கு நிறுவித் தரவில்லை. நானே நிறுவிக்கொண்டேன்.

எழுத்து பொடியாக இருந்தால் மன்னிக்கவும். படிக்கிறவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் படிக்கவும்.